கட்டி கண்ட நாளும் கத்தி தொட்ட நாளும்

ஒக்டோபர் மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமென உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. "கொண்டாடப்படுகிறது" என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே கையாளுகிறோம். கொழும்பிலே மாடமாளிகைகள் இளஞ்சிவப்பு ஒளியில் குளிக்கின்றன. வர்த்தக நிலையங்களின் ஊழியர்கள் சட்டையிலே இளஞ்சிவப்பு நாடா குத்திக்கொள்கிறார்கள். பிரமுகர்கள் நடைபவனி வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே ஒக்டோபரில் மாத்தளை மாவட்டத்துக் கலேவெலயிலே நிலைமை யாது? சிறுபோகத்துப் பெரிய வெங்காயத்தை அறுத்து விற்று, கடனை அடைத்தும் அடைக்காமலும், பெரும்போக விதைப்புக்கு மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்து நிற்கிறான் விவசாயி. அவன் மனைவி அவனோடு வயலில் நின்றவள். வீட்டு வேலையை மேலதிகமாகச் சுமந்தவள். குளிக்கும்போது மார்பிலே சிறு கட்டியொன்று அவள் கையில் தட்டுப்படுமாயின், "விதைப்பு முடியட்டும்" என்கிறாள். விதைப்பு முடிந்தால் களைபிடுங்கல்; அது முடிந்தால் அறுவடை; அறுவடையும் முடிந்தால் வெங்காய நாற்றுமேடை. கட்டியோ நோகவில்லை. நோகாத கட்டியையே முதலிற் சந்தேகிக்க வேண்டும் என்பதை அவளுக்கு எடுத்துச் சொன்னவர் எவருமில்லை.

இது சிறு நோயன்று. 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அதனால் மாண்டனர். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இலங்கைப் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடமும் இதற்கே; ஆண்டுதோறும் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் இந்நோயாளராகப் பதிவாகின்றனர். நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருப்போர் செல்வந்த நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் என்றும், இந்தியாவில் அறுபத்தாறு பேர் என்றும், தென்னாபிரிக்காவில் நாற்பது பேர் என்றும் அதே நிறுவனம் கூறுகிறது. எங்கும் நோய் ஒன்றே. பெரிதும் வேறுபடுவன, நோயாளி வைத்தியரை அடையும் காலமும், தொடங்கிய சிகிச்சை முழுமை பெறும் வகையுமே. கட்டியைக் கண்ட நாளுக்கும் கத்தி தொட்ட நாளுக்கும் இடையே எத்தனை மாதங்கள் கழிந்தன என்பதிலேயே பல பெண்களின் தலைவிதி எழுதப்படுகிறது.

குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் பெருவீதியிலே அமைந்தது கலேவெல. தேவஹூவக் குளத்து நீரும், வெங்காயமும், நெல்லும் இப்பிரதேசத்தின் உயிர்நாடி. பெரும்பான்மையோர் சிங்கள மக்கள். அவர்களோடு தமிழ்பேசும் முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டும் வியாபாரம் செய்தும் வாழ்ந்து வருகின்றனர். மாவட்டத்தின் தென்பகுதித் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. சாதாரண காய்ச்சலுக்கும் வயிற்று நோவுக்கும் அண்மையில் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் புற்றுநோய் என்ற சொல் எழுந்ததும் பாதை நீள்கிறது. மாத்தளைக்குப் போ, குருநாகலுக்குப் போ, கண்டிக்குப் போ, மகரகமவுக்குப் போ என்று சீட்டுக்குமேல் சீட்டு எழுதப்படுகிறது. மகரகம நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. விடியுமுன் பஸ் ஏறி, வரிசையில் நின்று, "இன்று நிபுணர் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலைப் பெற்று இரவு வீடு திரும்பும் பெண், அடுத்த வாரம் மீண்டும் போவாளா? ஒரு நாள் கூலி போயிற்று. துணைக்கு வந்தவன் கூலியும் போயிற்று. பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் போயின. இலங்கையில் வைத்தியம் இலவசம் என்பது உண்மை. அதை எண்ணிப் பெருமைப்படுகிறோம். ஆனால் வைத்தியசாலை வாசலை மிதிப்பதற்கு முன் ஏழையின் மடி காலியாகிவிடுகிறதே, அதற்கு எந்தக் கணக்கேட்டில் இடமிருக்கிறது?

கட்டி புற்றுநோய்தானா என்று துணிவதற்கு மூன்று காரியங்கள் நடைபெற வேண்டும். பழகிய கை தொட்டுப் பார்க்க வேண்டும்; மமோகிராம் எனப்படும் கதிர்ப்படமோ ஸ்கான் பரிசோதனையோ எடுக்க வேண்டும்; ஊசியால் ஒரு துளி திசுவை எடுத்து நுண்காட்டியிலே சோதிக்க வேண்டும். மார்பகக் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறோம். அஞ்சி ஒளிப்பவருக்கு அது ஆறுதலாகும். ஆயினும் எது தீயது, எது தீங்கற்றது என்பதை வீட்டிலிருந்து ஊகித்தறிய இயலாது. இம்மூன்றும் முதன்முதலில் வைத்தியரைக் கண்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முடிந்துவிட வேண்டும், மூன்று மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்று, 2021 இல் தொடங்கிய உலகளாவிய மார்பகப் புற்றுநோய் முயற்சியிலே உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. மூன்று பரிசோதனைகளும் மூன்று ஊர்களில், மூன்று திகதிகளில் நடைபெறும் நாட்டிலே அறுபது நாள் என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும்.

இங்கேதான் தொலைமருத்துவம் என்னும் புதுமுறையைப் பற்றிய பேச்சு எழுகிறது. தொலைபேசியிலும், கைத்தொலைபேசித் திரையிலும், கணினியிலும் வைத்தியரும் நோயாளரும் சந்திப்பதும், படங்களும் பரிசோதனை முடிவுகளும் கம்பியின்றிப் பயணஞ்செய்து நிபுணரை அடைவதுமே இம்முறை. இது நேற்று முளைத்ததன்று. 2000 ஆம் ஆண்டிலேயே ஆந்திராவின் அரகொண்டா கிராமத்திலிருந்து நகரத்து நிபுணரோடு தொடர்புகொள்ளும் நிலையமொன்று தொடங்கியது. கொரோனாக் காலத்தில் இந்திய அரசாங்கத்தின் "இ-சஞ்சீவனி" சேவை வீடுகளை எட்டியது. நம் நாட்டிலும் 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களிலே, கிளினிக் நோயாளரின் மாத்திரைகளைத் தபாற்காரர் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். எந்த நிபுணர் குழுவும் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து ஆராய்ந்து அறிக்கை விடவில்லை. தேவை வந்தது, வழி பிறந்தது. 2016 இல் இந்திய நன்கொடையோடு இரு மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் பரவியது. ஓர் இலக்கத்தைச் சுழற்றினால் காசின்றி உதவி வரும் என்பதை அச்சேவை மக்களுக்குக் காட்டிவிட்டது. ஆகவே இந்நாட்டு அரசாங்கத்தால் இயலாது என்ற வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

ஆயினும் இதனை விற்கவரும் கம்பெனிகளின் விளம்பரங்களுக்கு மயங்கிவிடவும் கூடாது. கைத்தொலைபேசியிலே ஒரு வைத்தியரைப் பணங்கட்டி அழைத்து, "எனக்கு மார்பில் ஒரு கட்டி" என்று சொல்லி, "வயதுக்கு ஏற்றதுதான், பயப்படவேண்டாம்" என்ற பதிலைப் பெற்று ஆறுதலடையும் பெண்ணுக்குத் தொலைமருத்துவம் உதவியன்று, உபத்திரவம். தொலைபேசி கட்டியைத் தொட்டறியாது. திரையில் வரும் எந்த வைத்தியரும் தொட்டுப் பாராத கட்டியைத் தீங்கற்றது என்று சொல்லலாகாது. இது விலக்கில்லா விதியாக வேண்டும். கட்டி, முலைக்காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோடம்பழத் தோல்போல் மேற்றோல் தடித்தல், அக்குளில் நெறிகட்டுதல் ஆகியவற்றுள் எதைச் சொன்னாலும், தொலைபேசியின் மறுமுனையிலிருந்து வரவேண்டிய பதில் ஒன்றே: எந்த நாள், எந்த இடத்தில், யாரிடம் நேரிற் காட்டவேண்டும் என்பதே அப்பதில்.

அப்படியாயின் தொட்டறியும் கை யாருடையது? இதற்கு விடை பம்பாயிலிருந்து வந்திருக்கிறது. அந்நகரத்து டாட்டா நினைவு வைத்தியசாலையினர் 1998 இல் ஒரு பெரும் ஆராய்ச்சியைத் தொடங்கினர். 35 முதல் 64 வயது வரையான 151,538 பெண்கள் அதிற் சேர்க்கப்பட்டனர். ஏழைகள் வாழும் பகுதிகளே ஆராய்ச்சிக் களம். ஒரு பாதியினரின் மார்பகத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்று, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையாற் பரிசோதித்தனர். அவர்கள் டாக்டர்களல்லர், தாதியருமல்லர், பள்ளிப்படிப்பு முடித்துச் சில வாரங்கள் பயின்றவர்கள். மமோகிராம் யந்திரம் எதுவும் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து 2021 இல் முடிவு வெளியாயிற்று. பரிசோதனை பெற்றோருள் முற்றிய நிலையில் நோய் காணப்பட்டவர்கள் நூற்றுக்கு 37 பேர். பெறாதோருள் 47 பேர். ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டோரிடையே அத்தகைய குறைவு காணப்படவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரில் 266,000 தொழிலாளப் பெண்களுக்குத் தம்மைத் தாமே பரிசோதிக்கக் கற்பித்துப் பத்தாண்டு கவனித்ததிலோ, மரணம் குறையவில்லை என்று 2002 இல் அறிவித்தார்கள். தன்னுடலைத் தானறிதல் நன்றே. ஆனால் துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கையிற் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று அதிகாரிகள் கையைக் கழுவ முடியாது என்பதே இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் விளங்குவது.

பம்பாயிலே புதிதாக ஆள் சேர்த்துப் பழக்கவேண்டியிருந்தது. நமக்கோ அந்தக் கை ஏற்கனவே ஊரிலிருக்கிறது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்ட நாள்தொட்டு வளர்ந்துவந்த ஏற்பாட்டின்படி, சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் மருத்துவமாதுகள் ஊரூராகப் பணியாற்றுகின்றனர். குடும்பநல உத்தியோகத்தர் என்று இன்று அழைக்கப்படும் இவர்கள் தம் பகுதிக் குடும்பங்களைப் பெயர்பெயராக அறிவார்கள். எந்த வீட்டில் யார் கர்ப்பவதி, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி என்பது அவர்கள் ஏட்டில் இருக்கும். பிரசவத்தில் தாயும் சேயும் மாளும் கொடுமையை இந்நாடு அயல்நாடுகள் வியக்கும் அளவுக்குக் குறைத்தது இவர்கள் கால்நடையாகவும் சைக்கிளிலும் திரிந்த திரிவினாலேயே. 1996 இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளிலே, சிங்களத்தில் "சுவ நாரி" எனப்படுவன இவையே, 35 வயதுப் பெண்களுக்கும் 45 வயதுப் பெண்களுக்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை நடைபெறுகிறது. வருவோரின் மார்பகமும் பரிசோதிக்கப்படுகிறது.

ஓட்டை எங்கேயுள்ளது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மருத்துவமாதுவின் ஏடு தாய்மாரின் ஏடு. பிள்ளைப்பேறு நின்றதும் பெண்ணின் பெயர் அந்த ஏட்டிலிருந்து மெல்ல மறைகிறது. ஐம்பத்தைந்து வயதான அம்மாவின் வீட்டுக்கு மருத்துவமாது போவது மகளின் குழந்தையைப் பார்க்கவே. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவைப் பார்க்க அல்ல. பம்பாய் ஆராய்ச்சியில் உயிர் காக்கப்பட்டவர்களோ அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களே! ஆகவே முதற் சீர்திருத்தம் கணினியிலன்று, ஏட்டிலே தொடங்கவேண்டும். பிரதேசத்திலுள்ள ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் ஒவ்வொருவரின் பெயரும் அந்த ஏட்டில் ஏறவேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அழைப்புப் போகவேண்டும். இதனால் மருத்துவமாதுவின் சுமை கூடும் என்பதை அறிவோம். வெற்றிடங்களை நிரப்பாமல், புதியவர்களைச் சேர்க்காமல், இருப்பவர் முதுகிலேயே மேலும் ஒரு மூட்டையை ஏற்றுவது நீதியாகாது.

இனித் தொலைத்தொடர்பின் வேலை யாதென்று பார்ப்போம். மருத்துவமாது கட்டியொன்றைக் கண்டால் அன்றைக்கே, அப்பெண் அங்கிருக்கும்போதே, மாவட்ட வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கோடு பேசித் திகதி பெறவேண்டும். ஸ்கானும் ஊசிப் பரிசோதனையும் ஒரே நாளில் ஒரே கட்டடத்தில் நடைபெறுமாறு ஒழுங்கு செய்யவேண்டும். கதிர்ப்பட நிபுணர் மாத்தளையில் இல்லையானால், நோயாளி கண்டிக்குப் போகவேண்டியதில்லை, படம் போகட்டும். திசுவைப் பார்க்கும் நிபுணர் வேறிடத்திலிருந்தால் கண்ணாடித்தட்டின் உருவம் கணினிவழிப் போகட்டும். அந்த வசதி வரும்வரை தட்டையே பொதியிலிட்டு அனுப்பலாமே. கடிதமும் கட்டியும் ஒரே பஸ்ஸில் பயணஞ்செய்ய வேண்டுமென்ற விதி எங்கும் இல்லை. குறித்த நாளில் பெண் வரவில்லையானால் கிளினிக்கிலிருந்து மருத்துவமாதுவுக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போகவேண்டும்; அவர் வீட்டுக்குப் போய்க் காரணம் அறியவேண்டும். இவற்றுள் எதுவும் வானளாவும் விஞ்ஞானம் அன்று. ஒரு தொலைபேசி, ஒரு பெயர்ப்பட்டியல், அதற்குப் பொறுப்பான ஒரு மனிதர்.

நிபுணருக்கு நிபுணரே துணையாவதும் உண்டு. இந்தியாவிலே 2012 இல் அமைந்த தேசியப் புற்றுநோய் வைத்தியசாலைக் கூட்டமைப்பு, சிறு நகரத்து வைத்தியர்கள் சிக்கலான நோயாளரைப்பற்றிப் பெருநகர நிபுணர் குழுவோடு திரைவழி கலந்தாலோசிக்க வழிசெய்திருக்கிறது. மகரகமவும் கண்டியும் தெல்லிப்பழையும் மட்டக்களப்பும் வாரத்தில் ஒரு பொழுது அவ்வாறு ஒன்றுகூடினால், கலேவெலப் பெண்ணின் சிகிச்சைத் திட்டம் அவள் ஊரைவிட்டு அசையாமலே தீர்மானமாகும்.

தெல்லிப்பழையையும் மட்டக்களப்பையும் சேர்த்துக் குறிப்பிட்டதற்குக் காரணமுண்டு. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டப்புத்தகத்தில் எழுதப்பட்ட அவ்வரி மத்திய மாகாணத்து வைத்தியசாலைக் கட்டிலருகே வந்து சேர்ந்துவிட்டதா? தமிழ்பேசும் பெண் சிங்களம் மட்டுமே அறிந்த தாதியிடம் தன் நோயை எவ்வாறு எடுத்துரைப்பாள்? பள்ளிக்கூடம் போகும் மகனை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் செல்கிறாள். தன் மார்பைப் பற்றி மகன் வாயிலாகப் பேச எந்தத் தாய்க்கு நாவெழும்? "கை உளைகிறது" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கித் திரும்புகிறாள். நோவு வேறு, உளைவு வேறு, கடுப்பு வேறு, குத்து வேறு. இவ்வேறுபாடுகளைச் சொல்லத் தாய்மொழியால் மட்டுமே இயலும். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் பத்திரம் அவளுக்கு விளங்காத மொழியிலிருந்தால், அவள் இட்ட கையெழுத்துச் சம்மதமாகுமா?

கலேவெலச் சிங்கள வைத்தியரையோ தாதியையோ நாம் குறைகூறவில்லை. அவர்களுள் அன்போடு அரைகுறைத் தமிழ் பேசுவோர் பலர். குறை ஏற்பாட்டின் குறை. தொலைத்தொடர்பு இக்குறையைத் தீர்க்க வல்லது. வேறெதுவும் இவ்வளவு விரைவில் தீர்க்காது. கண்டியில் நிபுணர் பேசும்போது மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள தமிழ்பேசும் தாதியொருவர் தொலைபேசியில் இணைந்து, வரிக்கு வரி எடுத்துச் சொல்லலாம். அவர் பெண்ணாயிருப்பார், அந்நியராயிருப்பார், ஊரிலே போய் யாரிடமும் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையோடு நோயாளி மனந்திறப்பாள். இதற்காகப் புதிய கட்டடம் எழுப்பவேண்டியதில்லை. அடிக்கல் நாட்ட மந்திரியும் வரவேண்டியதில்லை. ஒருவேளை அதனாற்றான் இதைப்பற்றி எவரும் பேசவில்லைபோலும்.

நோய் கண்டறிந்தபின் நீளும் காலமும் கவனத்துக்குரியது. அறுவைச் சிகிச்சையையும் கதிர்ச் சிகிச்சையையும் தொலைபேசியிற் செய்ய முடியாது. அவற்றிற்குப் போயே தீரவேண்டும். கதிர்ச் சிகிச்சைக்கு வாரக்கணக்கிலே நகரத்தில் தங்கும் செலவு குடும்பத்தை உருக்கிவிடுகிறது. அறுவைக்குப் பின் தொடக்கநிலை நோயாளருக்கு மூன்று வாரம் கொடுக்கும் கதிரை ஒரே வாரத்தில் ஐந்து தவணைகளாகக் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று 2020 இல் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்கள். எந்த நோயாளிக்கு அது பொருந்தும் என்பது நிபுணர் தீர்ப்பு. ஆனால் தூரத்து ஏழையின் செலவும் அத்தீர்ப்பிலே ஒரு காரணமாக நிறுக்கப்படவேண்டும். அதன்பின் நோயாளர் பலர் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை தினமும் மாத்திரை உட்கொள்ள வேண்டியவராகின்றனர். மாத்திரையை இடையிலே நிறுத்திவிட்டால் நோய் திரும்பும் அபாயம் கூடும். இம்மாத்திரைக்காகவும் "சுகமாயிருக்கிறீர்களா" என்ற ஒரு வினாவுக்காகவும் மாதந்தோறும் வெளியூர் செல்வது வீண். வட இங்கிலாந்திலே 374 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆஸ்பத்திரிக்கு அழைத்தும், மறு பிரிவினரைப் பயிற்சிபெற்ற தாதியர் தொலைபேசியில் அழைத்தும் கவனித்தார்கள். தொலைபேசிப் பிரிவினரின் மனக்கவலை கூடவில்லை. நோய் திரும்பியதைக் கண்டுபிடிப்பதும் தாமதிக்கவில்லை. அவர்கள் திருப்தியே அதிகம் என 2009 இல் முடிவு வந்தது. இங்கும் தாதி தொலைபேசியில் விசாரிக்கட்டும். மாத்திரையை 2020 இற் கொண்டுவந்த அதே தபாற்காரர் கொண்டுவரட்டும். எரிபொருளுக்கு வரிசையில் மக்கள் காத்துநின்ற 2022 ஆம் ஆண்டில் இவ்வேற்பாடு ஊன்றியிருந்தால் எத்தனை பேரின் அலைச்சல் தீர்ந்திருக்கும்!

அந்த ஆண்டை நினைத்ததும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மருந்தே இல்லாத களஞ்சியத்தோடு நோயாளியை எத்தனை வேகமாகத் தொடர்புபடுத்தினாலும் பயனில்லை. 2022 இலே புற்றுநோய் மருந்துகளுக்கு நேர்ந்த தட்டுப்பாட்டை நோயாளர் குடும்பங்கள் மறக்கவில்லை. காணி உள்ளவர் அடகுவைத்தார். நகை உள்ளவர் விற்றார். சிலர் அடையாற்றுக்கும் வேலூருக்கும் கப்பலேறிய பழைய தலைமுறையைப்போல் விமானமேறினர். அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் பன்னிரண்டு கட்டில்களோடு தொடங்கினார். ஏழைக்கும் சிகிச்சை என்பதே அதன் தொடக்கக் கொள்கை. அத்தகைய நிலையங்கள் நமக்கு உறவே. ஆயினும் கலேவெல விவசாயி கடல்கடந்துதான் பிழைக்கவேண்டும் என்ற நிலை இந்நாட்டுக்கு அழகன்று.

ஒரு அபாயத்தையும் எச்சரிக்க வேண்டும். கிராமத்து வீட்டிலே கைத்தொலைபேசி பெரும்பாலும் மகனுடையது, அல்லது கணவனுடையது. அதிலே பெண்ணின் மார்பகப் படத்தை எடுத்து அனுப்பு என்று எவரேனும் கேட்பாராயின், அவர் வைத்தியரேயாயினும், மறுத்துவிட வேண்டும். படங்களும் குறிப்புகளும் ஆஸ்பத்திரியின் சொந்தத் தொடர்பிலே மட்டும் செல்லவேண்டும். மருத்துவமாதுவுக்கு உத்தியோகத் தொலைபேசி கொடுக்கப்படவேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. சுகாதாரத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக அச்சட்டம் கொள்கிறது. அச்சட்டத்தின் நிழல் கொழும்பு வங்கிகளோடு நின்றுவிடாமல் கலேவெலக் கிளினிக்கின் மேசைவரை நீளட்டும்.

இவையெல்லாம் நடைபெறாமலிருப்பதற்கு நிருவாகக் காரணமும் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகமும் கிராமத்து ஆஸ்பத்திரிகளும் மாகாணத்தின் பொறுப்பு; கண்டித் தேசிய வைத்தியசாலையும் மகரகம வைத்தியசாலையும் கொழும்பு அமைச்சின் பொறுப்பு. கட்டியைக் காணும் கை ஒரு நிருவாகத்தினுடையது; அதை அகற்றும் கை வேறொரு நிருவாகத்தினுடையது. நடுவிலே உள்ள கோட்டைத் தாண்டுவது நோயாளியின் வேலையாகிவிட்டது. 2013 இலே தெரிவான மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 இல் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன; கேள்விகேட்க மக்கள் பிரதிநிதியில்லாத சபையின் அதிகாரிகள் யாருக்குப் பதில் சொல்வர்? வெங்காய இறக்குமதி வரி ஒரு ரூபா ஏறினாலும் இறங்கினாலும் பாராளுமன்றத்தில் குரல் எழுகிறது, எழவேண்டியதே. அந்த வெங்காயத்தை நட்ட பெண், கட்டியைக் கண்ட நாளிலிருந்து எத்தனையாவது நாளில் விடை பெற்றாள் என்று கேட்க ஒரு குரலும் எழவில்லை.

கலேவெலப் பிரதேச சபை உறுப்பினர்களும், மாத்தளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களும், கட்சி வேறுபாடின்றி, அக்கேள்வியைச் சுகாதார அதிகாரிகளிடம் எழுத்திலே கேட்கவேண்டும். கடந்த ஆண்டு இப்பிரதேசத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எத்தனை பெண்களின் மார்பகம் பரிசோதிக்கப்பட்டது. எத்தனை பேருக்குக் கட்டி காணப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் 60 நாட்களுக்குள் முடிவு அறிந்தார்கள். எத்தனை பேருக்கு அம்முடிவு தமிழிலே சொல்லப்பட்டது? விடை இல்லையென்றால், இல்லையென்றே எழுதித் தரட்டும். ஆசிரியர், எழுதுவினைஞர், சட்டத்தரணி என்று உத்தியோகம் பார்க்கும் நம் வாசகர்கள் இக்கடிதத்தை எழுதிக்கொடுக்கலாம். ஊர்ச் சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகமும் கோயிற் சபையும் ஒப்பமிடலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சுகவனிதையர் கிளினிக்கிற்குக் கட்டணம் எதுவுமில்லை. அது நடைபெறும் நாளையும் நேரத்தையும் அந்தந்தப் பகுதி மருத்துவமாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ கேட்டறியலாம். கொழும்புக்கு வேறு அலுவலாகச் செல்வோர், நாரஹேன்பிட்டியில் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தார் நடத்தும் புற்றுநோயை முன்னரே கண்டறியும் நிலையத்திலும் காட்டிக்கொள்ளலாம். இவ்வாண்டு விதைப்புக்கு இன்னும் மழை பொழியவில்லையாயின், வாரத்தில் ஒரு காலைப்பொழுதைத் தாயாருக்கும் மனைவியருக்கும் ஒதுக்கிக்கொடுப்பது கலேவெலக் கமக்காரருக்கு இயலாத காரியமன்று.